வென்றதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

சென்னையில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பூர்வீகம் ஆழ்வார்குறிச்சி. பெயர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905-1964). 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அதன் தலைமைக்கு உயர்ந்தார். 1938-இல் உருவான அமால்கமேஷன்ஸ் நிறுவனத்தின் கீழ் அடிசன், 1844-இல் பிறந்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 'தி மெயில்' நாளிதழ் எல்லாம் வந்து சேர்ந்தன. 1960-இல் டாஃபே டிராக்டர் கம்பெனியும் அதே குழுமத்திலிருந்து பிறந்தது.

இந்த வரலாற்றை ஒரு நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் எந்த வினைச்சொல்லைப் போடுவீர்கள்? 'டிஃபீட்டட்' என்றால் பிழை, ஏனென்றால் யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. 'கேப்சர்டு' என்றால் கோட்டையைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். 'டுக் ஓவர்' என்பதே சரி. பொறுப்பையும் உரிமையையும் ஏற்றுக்கொண்டார் என்று அதற்குப் பொருள். வாங்கிய கம்பெனிகளின் பழைய பெயர்களை அவர் அழிக்கவில்லை. சிம்ப்சன், அடிசன், ஹிக்கின்பாதம்ஸ் என்ற பெயர்கள் இன்றும் பலகையில் இருக்கின்றன. கைக்கு வந்ததைக் கட்டிக்காத்து வளர்த்தவரை வர்ணிக்க அழிவைக் குறிக்கும் வினைச்சொல் பொருந்தாது.

ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியில் படித்துவிட்டு மத்தளம்பாறை ஜோஹோவுக்கோ, சென்னைக்கோ, பெங்களூருக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. வெல்வது, அடக்குவது, கட்டுக்குள் கொண்டுவருவது என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் நிறையச் சொற்கள் உண்டு. அவற்றை இடம் மாற்றிப் போட்டால் நல்ல வேலைக்காரர்கூட முரடராகத் தெரிவார். சரியாகப் போட்டால் இருபத்திரண்டு வயதிலேயே பொறுப்பானவர் என்ற எண்ணம் உண்டாகும். மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: பலத்தைக் காட்டும் வினைச்சொல்லை வேலையின் மேல் வையுங்கள், மனிதரின் மேல் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் இந்த விதியின் விரிவு.

வின், பீட், டிஃபீட்: பின்னால் வருவது யார்?

தமிழில் 'ஆட்டத்தை ஜெயித்தோம்' என்போம், 'அவர்களை ஜெயித்தோம்' என்றும் சொல்வோம். ஒரே வினை இரண்டையும் தாங்கும். ஆங்கிலத்தில் தாங்காது. இதுதான் நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை.

'வின்' என்பதற்குப் பின் நீங்கள் பெற்ற பொருள் வரவேண்டும்: போட்டி, பரிசு, காண்ட்ராக்ட், தேர்தல், நம்பிக்கை. 'வி வன் தி மேட்ச்' சரி. 'வி வன் தி அதர் டீம்' தவறு.

'பீட்' என்பதற்குப் பின் எதிராளி வருவார்: 'வி பீட் தி அதர் டீம்.' இதற்கு இறந்தகால வடிவமும் 'பீட்' தான். 'பீட்டட்' என்று ஒரு சொல் கிடையாது. மூன்றாம் வடிவம் 'பீட்டன்'. எதிராளி மட்டுமல்ல, சாதனை, கெடு, இலக்கு போன்றவையும் பின்னால் வரலாம். கெடுவுக்கு முன்பே முடித்தால் 'வி பீட் தி டெட்லைன்'.

'டிஃபீட்' என்பது கொஞ்சம் முறுக்கான சொல். போர், தேர்தல், சட்டமன்றத் தீர்மானம், செய்தித்தாள் தலைப்பு ஆகியவற்றுக்கு உரியது. அலுவலகப் பேச்சில் 'நான் இன்னொரு விண்ணப்பதாரரை டிஃபீட் செய்தேன்' என்றால் கேட்பவர் முகம் மாறும்.

தோல்வியைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். 'அவர்களிடம் தோற்றோம்' என்பதற்கு 'வி லாஸ்ட் டு தெம்'. 'லாஸ்ட் வித்', 'லாஸ்ட் பை' இரண்டும் வராது.

அடுத்தது 'ஓவர்கம்'. இதன் பின்னால் பயம், தடை, சிரமம் வரும். கூட வேலை செய்பவர் வரமாட்டார். 'தமிழ் வழியில் படித்ததால் இருந்த தயக்கத்தை ஓவர்கம் பண்ணினேன்' என்பது நேர்முகத் தேர்வில் சொல்லத் தகுந்த வரி. 'மாஸ்டர்' என்பதன் பின்னால் திறமை வரும்: எக்ஸெல், டேலி, வெல்டிங், ஆங்கில உச்சரிப்பு. 'தேர்வில் கிளியர் ஆனேன்' என்பதை இந்தியாவில் 'கிளியர்டு தி எக்ஸாம்' என்றாலும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் 'பாஸ்டு' என்றே சொல்லுங்கள்.

ஓவர்டேக் வேறு, டேக் ஓவர் வேறு

தென்காசி சாலையில் முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவது 'ஓவர்டேக்'. முந்திப் போவது என்ற பொருள் மட்டுமே அதற்கு உண்டு. ஒரு கம்பெனியின் விற்பனை இன்னொன்றின் விற்பனையை மிஞ்சினால் அப்போதும் 'ஓவர்டுக்' சொல்லலாம்.

விலகிப்போன ஒருவரின் பொறுப்பை நீங்கள் ஏற்றால் அது 'டேக் ஓவர்'. 'ஐ ஓவர்டுக் தி ப்ராஜெக்ட் ஃப்ரம் மை சீனியர்' என்று ரெஸ்யூமேயில் எழுதுவோர் பலர். படிப்பவருக்கு அந்த வரியில் பொருளே கிடைக்காது. 'ஐ டுக் ஓவர் தி ப்ராஜெக்ட்' என்று எழுதுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். ஏற்றபோது நிலைமை என்ன, மூன்று மாதத்தில் என்ன ஆயிற்று என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டதைவிட அதை என்ன செய்தீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் தேடுகிறார்.

மேலாளரைக் கேட்காமல் அவருக்கு மேலே இருப்பவரிடம் போய்ச் சொல்வதையும் நாம் 'ஓவர்டேக் பண்ணிட்டான்' என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'பைபாஸ்'. முறைப்படி, மேலாளருக்கும் தெரிவித்துவிட்டு, மேலிடத்துக்குக் கொண்டுபோனால் 'எஸ்கலேட்'. முன்னது உறவைக் கெடுக்கும், பின்னது அலுவலக நடைமுறை. கம்பெனி மின்னஞ்சலில் 'ஐ ஆம் எஸ்கலேட்டிங் திஸ்' என்று எழுதி மேலாளரையும் நகலில் சேர்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

நேர்முகத் தேர்வில் 'கன்ட்ரோல்'

'கல்லூரி விழாவில் முப்பது பேரை கன்ட்ரோல் பண்ணினேன்' என்று தமிழில் சொன்னால் பெருமை. அதையே 'ஐ கன்ட்ரோல்டு தர்ட்டி ஸ்டூடன்ட்ஸ்' என்று மாற்றினால் அதட்டி அடக்கியவர் என்ற சித்திரம் வரும்.

'கன்ட்ரோல்' என்பதன் பின்னால் செலவு, தரம், சரக்கிருப்பு, வெப்பநிலை, நுழைவு அனுமதி வரட்டும். மனிதர் வந்தால் கீழ்க்காணும் நான்கில் ஒன்றை எடுங்கள்:

- லீட்: வழிகாட்டி முன்னால் நின்றீர்கள். பதவி இல்லாமலும் செய்யலாம். புதியவர்களுக்கு மிகவும் உதவும் சொல் இது. 'ஐ லெட் எ டீம் ஆஃப் ஃபைவ்.'
- சூப்பர்வைஸ்: பிறர் வேலையை அருகிலிருந்து கண்காணித்துத் திருத்தினீர்கள். மில், கட்டடம், கிடங்கு, கடை போன்ற இடங்களுக்குப் பொருந்தும்.
- மேனேஜ்: விடுப்பு, மதிப்பீடு, வேலைப் பகிர்வு ஆகியவற்றில் முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தது.
- கோஆர்டினேட்: யார் மீதும் அதிகாரம் இல்லை, பலரை இணைத்து வேலையை நடத்தினீர்கள்.

இந்த நான்கில் பெரிதாகத் தெரிவதை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். 'மேனேஜ்' என்று சொன்னால் 'அவர்களின் அப்ரைசல் யார் போட்டது?' என்ற கேள்வி வரும். 'நான் இல்லை' என்று பதில் சொல்லும்போது சொன்ன மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். 'கோஆர்டினேட்' என்று அளவாகச் சொல்லி, எப்படி எல்லோரையும் ஒத்துழைக்க வைத்தீர்கள் என்று விளக்கினால் மதிப்பெண் கூடும்.

'எனக்குக் கீழே எட்டுப் பேர்' என்பதற்கு 'எய்ட் பீப்புள் ரிப்போர்ட்டட் டு மீ' என்பது சரியான வடிவம். 'அண்டர் மை கன்ட்ரோல்' வேண்டாம். 'ஐ ஆர்டர்டு மை டீம்' என்பதற்குப் பதில் 'ஐ அசைன்டு தி வொர்க்' என்று சொல்லுங்கள். ஆர்டர் என்பது சாப்பாட்டுக்கும் சரக்குக்கும் ராணுவத்துக்கும் உரியது.

சின்ன அனுபவம் என்று எதையும் ஒதுக்காதீர்கள். ஊர்த் தேரோட்டத்தில் தண்ணீர்ப் பந்தல் பார்த்ததும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பத்துப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்ததும், அப்பாவின் உரக் கடையில் கடன் நோட்டை ஒழுங்குபடுத்தியதும் உண்மையான வேலைகள்தான். அவற்றுக்கு 'லெட்', 'கோஆர்டினேட்டட்', 'ரெட்யூஸ்டு' என்று வினைச்சொல் கொடுத்து எண்ணிக்கையோடு சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கூட்டத்தில் கருத்தை வெல்லும் வழி

அலுவலகக் கூட்டத்தில் உங்கள் கருத்து நிலைக்க வேண்டும். அதற்கும் சொற்கள் இருக்கின்றன.

'கன்வின்ஸ்', 'பர்சுவேட்' இரண்டையும் நாம் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். கறாராக எழுதுபவர்கள் இவற்றைப் பிரிப்பார்கள். நம்பவைத்தால் 'கன்வின்ஸ்', ஒரு செயலைச் செய்ய வைத்தால் 'பர்சுவேட்'. திட்டம் நல்லது என்று மேலாளரை கன்வின்ஸ் செய்தீர்கள், அதற்குப் பணம் ஒதுக்க அவரை பர்சுவேட் செய்தீர்கள். எதிர்த்தவர் மனம் மாறி உங்கள் பக்கம் வந்தால் 'வின் ஓவர்'. மனிதரைப் பின்னால் வைத்தாலும் மரியாதை குறையாத வெற்றிச் சொல் இது. ரெஸ்யூமேயில் இதற்கு இடம் கொடுங்கள்.

உங்கள் கருத்து ஏற்கப்படவில்லை என்றால் எப்படித் தோற்றீர்கள் என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதிகாரம் உள்ளவர் உங்கள் முடிவை ரத்து செய்தால் 'ஓவர்ரூல்டு'. எண்ணிக்கையில் தோற்றால் 'அவுட்வோட்டட்'. கணினி அமைப்பையோ விதியையோ மீறி ஒன்றைச் செய்தால் 'ஓவர்ரைடு'. இந்த மூன்றையும் குழப்பினால் கூட்டக் குறிப்பு பிழையாகிவிடும், யார் பொறுப்பு என்ற கேள்வியில் தவறான ஆள் மாட்டிக்கொள்வார்.

மறுத்துப் பேச நினைக்கும்போது 'யூ ஆர் ராங்' என்று பாயாதீர்கள். 'ஐ வுட் லைக் டு புஷ் பேக் ஆன் தட்' என்றால் மரியாதையோடு எதிர்க்கிறீர்கள் என்று பொருள். அவர் சொன்னதில் ஒரு பகுதி சரியென்றால் 'ஐ கன்சீட் தட் பாயிண்ட்' என்று உடனே ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை விட்டுக்கொடுப்பவரின் மற்ற விஷயங்களுக்குக் கூட்டம் காது கொடுக்கும். எல்லாவற்றையும் வெல்ல நினைப்பவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கத் தயங்குவார்கள்.

நாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும்

தமிழில் அலுவலக அரசியலைச் சொல்ல நம்மிடம் கூர்மையான சொற்கள் உண்டு. அவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களைத் தெரிந்துகொண்டால் நடப்பதை நிதானமாக விவரிக்கலாம்.

- குழி பறிப்பது: 'அண்டர்மைன்'. நேரில் சிரித்துவிட்டு உங்கள் பெயரையும் வேலையையும் பின்னால் அரிப்பது.
- ஓரங்கட்டுவது: 'சைட்லைன்'. பதவி இருக்கும், கூட்டத்துக்கு அழைப்பு இருக்காது.
- மட்டம் தட்டுவது: 'பிலிட்டில்'. பிறர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவது.
- மடக்குவது: 'கார்னர்'. பதில் சொல்ல வழியில்லாமல் நிறுத்துவது.
- முந்திக்கொள்வது: 'ப்ரீஎம்ப்ட்'. எதிராளி செய்யுமுன் நாம் செய்துவிடுவது. இது குற்றச்சாட்டு இல்லை, நல்ல திட்டமிடலுக்கும் இதே சொல்தான்.
- கைக்குள் போட்டுக்கொள்வது: நேர்மையாகச் செய்தால் 'வின் ஓவர்', பொய்யும் ஆசைகாட்டலும் கலந்தால் 'மேனிபுலேட்'.
- ஒவ்வொன்றிலும் தலையிட்டு நோண்டுவது: 'மைக்ரோமேனேஜ்'.

'அவர் ரொம்ப டாமினேட் பண்றார்' என்பது நம் ஊரில் சாதாரணப் பேச்சு. ஆங்கிலத்தில் சந்தையையும் ஆட்டத்தையும் 'டாமினேட்' செய்வது பாராட்டு. மனிதர்களை அடக்கி ஆளும் குணத்துக்கு 'டாமினீரிங்' என்ற தனிச்சொல் இருக்கிறது. பேச்சில் சொல்வதானால் 'பாஸ்ஸி'.

சந்தைப் போட்டியின் சொற்கள்

விற்பனை, மார்க்கெட்டிங், கொள்முதல் பிரிவுகளில் சேரப் போகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இங்கே எதிராளி ஒரு கம்பெனி, அதனால் கொஞ்சம் காரமான சொல்லும் செல்லும்.

'அவுட்பெர்ஃபார்ம்' என்றால் செயல்திறனில் மிஞ்சுவது. 'அவுட்பிட்' என்றால் ஏலத்திலோ டெண்டரிலோ கூடுதல் விலை கேட்டுப் பொருளைப் பெறுவது. 'அவுட்செல்' என்றால் விற்பனையில் மிஞ்சுவது. 'போச்' என்றால் போட்டிக் கம்பெனியின் ஆளை ஆசைகாட்டி இழுப்பது. 'கெய்ன் மார்க்கெட் ஷேர்' என்றால் சந்தையில் பங்கைக் கூட்டிக்கொள்வது.

'அண்டர்கட்' என்பதற்கு நம் தூத்துக்குடியைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். ஏற்கெனவே அந்த வழியில் ஓடிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தை இறக்கியது. சுதேசிக் கம்பெனியும் இறக்கியது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசப் பயணமும் கூடவே குடையும் கொடுக்க முன்வந்தது. போட்டியாளரைவிடக் குறைத்து விற்பது 'அண்டர்கட்'. நட்டத்தைத் தாங்கிக்கொண்டு எதிராளியை ஒழிக்கவே விலையை இறக்குவது 'ப்ரிடேட்டரி ப்ரைஸிங்'. முன்னது வியாபாரம். பின்னதைச் சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் செய்தால் இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டப்படி அது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது. 1908-இல் வ.உ.சி. கைதாகிச் சிறைக்குப் போன பின் சுதேசிக் கம்பெனி நிற்க முடியாமல் போனது. 'ஸ்க்வீஸ்டு அவுட்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இப்படிப்பட்ட நிலைமையை. நெருக்கி நெருக்கி வெளியே தள்ளிவிடுவது.

உங்கள் கம்பெனியின் விளம்பரத்திலோ மின்னஞ்சலிலோ 'க்ரஷ்', 'கில்', 'டெஸ்ட்ராய்' என்ற சொற்களைப் போட்டியாளர் மேல் எழுதாதீர்கள். வழக்கு என்று வந்தால் பழைய மின்னஞ்சல்கள் ஆதாரமாகும். 'நாங்கள் அவர்களை ஒழித்துக்கட்டுவோம்' என்ற ஒரு வரி போதும், கம்பெனியின் நோக்கமே தவறு என்று வாதாட.

கம்பெனியே கைமாறினால்

ஒரு கம்பெனி கைமாறுவதைத் திருநெல்வேலிக்காரர்கள் அண்மையில் கண்ணால் பார்த்தார்கள். கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ் 1946-இல் கம்பெனியாகி, 1949-இல் தாழையூத்து சங்கர் நகரில் முதல் ஆலையை நடத்தத் தொடங்கியது. 1998-இல் அந்தக் கம்பெனி ஆந்திராவின் ராசி சிமெண்டை, அதன் நிறுவனர் முதலில் எதிர்த்தும், தன் வசமாக்கியது. 2024 டிசம்பரில் அதே இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் கைக்குப் போனது. நிர்வாக இயக்குநராக இருந்த என். சீனிவாசன் விலகினார்.

ராசியை வாங்கியதை 'ஹாஸ்டைல் டேக்ஓவர்' என்பார்கள். நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் பங்குதாரர்களிடமிருந்து பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைப் பிடிப்பது அது. 2024-இல் நடந்ததில் நிறுவனர் குடும்பமே பங்குகளை விற்றது, அதனால் அந்தச் சொல் அதற்குப் பொருந்தாது. 2019-இல் எல் அண்ட் டி, மைண்ட்ட்ரீ மென்பொருள் கம்பெனியை அதன் நிறுவனர்களின் எதிர்ப்பை மீறித் தன் வசமாக்கியபோது தகவல் தொழில்நுட்பத் துறை முழுவதும் 'ஹாஸ்டைல்' என்ற சொல்லே ஒலித்தது.

செய்தியைப் படிக்கத் தேவையான சொற்கள் இவை. 'ஸ்டேக்' என்பது பங்கின் அளவு. 'கன்ட்ரோலிங் ஸ்டேக்' என்பது நிர்வாகத்தைத் தீர்மானிக்கப் போதுமான பங்கு. 'அக்விசிஷன்' என்றால் ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குவது. 'மெர்ஜர்' என்றால் இரண்டும் ஒன்றாகக் கலப்பது. பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் வாக்குரிமையில் 25 சதவீதத்தை ஒருவர் எட்டினால், மற்றப் பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது 26 சதவீதம் வாங்க அவர் முன்வர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2011 விதிகள் சொல்கின்றன. அந்த அழைப்புதான் 'ஓப்பன் ஆஃபர்'. 2013 கம்பெனிச் சட்டத்தில் 'கன்ட்ரோல்' என்பதற்கே விளக்கம் உண்டு: பெரும்பான்மை இயக்குநர்களை நியமிக்கும் உரிமை, அல்லது நிர்வாகத்தையோ கொள்கை முடிவுகளையோ கட்டுப்படுத்தும் உரிமை. குரல் உயர்த்துவதற்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை, கையெழுத்து யாருடையது என்பதுதான் கேள்வி.

உங்கள் கம்பெனி கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால் பதற்றப்படாமல் இவற்றைச் செய்யுங்கள்:

1. எது விற்கப்படுகிறது என்று கேளுங்கள். பங்குகள் மட்டும் கைமாறினால் உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி அதேதான், முதலாளிகள் மட்டும் மாறுகிறார்கள். தொழிற்பிரிவையே இன்னொரு கம்பெனிக்கு மாற்றினால் உங்களுக்குப் புதிய நியமனக் கடிதம் வரும்.
2. 'கன்டின்யூட்டி ஆஃப் சர்வீஸ்' என்ற சொற்றொடரைத் தேடுங்கள். புதிய கடிதத்தில் பழைய பணிக்காலம் தொடரும் என்று எழுதியிருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு கிராச்சுட்டி (பணிக்கொடை) பெற 5 ஆண்டுத் தொடர் பணி தேவை என்பதால், அது அறுந்தால் பணம் போகும்.
3. பி.எஃப். கணக்கைச் சரிபாருங்கள். உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். அப்படியே தொடர்கிறதா என்று பார்த்து, பழைய சம்பளச் சீட்டுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.
4. மென்மையான சொற்களைக் கவனியுங்கள். 'சினர்ஜி', 'ரேஷனலைஸ்', 'ரீஸ்ட்ரக்சர்' என்ற சொற்கள் சுற்றறிக்கையில் வந்தால், ஒரே வேலையை இரண்டு பேர் பார்க்கும் இடங்களை நிர்வாகம் கணக்கெடுக்கிறது என்று புரிந்துகொண்டு, உங்கள் வேலையின் பயனை எண்ணிக்கையோடு எழுதி வையுங்கள்.
5. புதிய நிர்வாகத்திடம் பழையதைத் தூற்றாதீர்கள். 'தே கேப்சர்டு அஸ்' என்று புதியவர்களைப் பற்றியும் சொல்லாதீர்கள். 'வி ஆர் நவ் பார்ட் ஆஃப்' என்று தொடங்கும் வாக்கியம் இரண்டு பக்கத்தையும் புண்படுத்தாது.

உங்களை யாராவது அடக்கினால்

'மேனேஜர் டார்ச்சர் தாங்கலை' என்று நண்பரிடம் சொல்லலாம். மனிதவளத் துறைக்கு எழுதும் கடிதத்தில் 'டார்ச்சர்' வேண்டாம். அது உடல் வதையைக் குறிக்கும் கடுமையான சொல். விசாரிப்பவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உங்கள் புகாரை மிகை என்று ஒதுக்க வழி கொடுக்கும்.

நடந்ததை வினைச்சொல்லாக எழுதுங்கள். கத்தினார் என்றால் 'ஷௌட்டட்'. மிரட்டினார் என்றால் 'த்ரெட்டன்டு', எதைச் சொல்லி மிரட்டினார் என்பதும் வேண்டும். கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினால் 'கோயர்ஸ்டு'. புகார் கொடுத்த பிறகு பழிவாங்கினால் 'ரிடாலியேட்டட்'. திரும்பத் திரும்பச் சிறுமைப்படுத்தினால் 'புல்லீடு'. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர் யார் என்று சேர்த்தால் புகார் நிற்கும்.

ராஜினாமா கடிதத்தில் உடனே கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். படித்துப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள். அன்று மாலையே, ராஜினாமா செய்யும்படி உங்களிடம் சொல்லப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'ஐ வாஸ் ஆஸ்க்ட் டு ரிசைன்' என்ற அந்த ஒரு வரி பின்னால் உங்களைக் காக்கும்.

பெண்களுக்கு ஒரு சொல். அடக்குமுறை பாலியல் தொல்லையாக இருந்தால், பணியிடத்தில் அதைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் துணை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆகவேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். குழு தக்க காரணம் கண்டால் மேலும் மூன்று மாதம் நீட்டலாம். ஆங்கிலம் சரியாக வரவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். தமிழில் எழுதிக் கொடுத்தாலும் புகார் புகார்தான்.

பயிற்சி

ரெஸ்யூமேயை எடுத்து எல்லா வினைச்சொற்களையும் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மனிதர் இருக்கிறாரா, வேலை இருக்கிறதா என்று பாருங்கள். மனிதருக்கு முன்னால் 'கன்ட்ரோல்டு', 'ஆர்டர்டு', 'டாமினேட்டட்' இருந்தால் மாற்றுங்கள்.

ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து, யார் யாரை என்ன செய்தார் என்பதை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். பிறகு அதே வாக்கியத்தைச் செய்தியைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ரயிலில் இதைச் செய்ய நேரம் தாராளமாக இருக்கும்.

உங்கள் வாழ்வில் மூன்று வெற்றிகளை எழுதுங்கள்: ஒரு தடையை ஓவர்கம் செய்தது, ஒரு திறமையை மாஸ்டர் செய்தது, ஒருவரை வின் ஓவர் செய்தது. ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்தில் சொல்லி செல்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். உச்சரிப்பைவிட வரிசை முக்கியம்: நிலைமை, நீங்கள் செய்தது, கிடைத்த பலன். மூன்றாவது வெற்றியைச் சொல்லும்போது அந்த மனிதர் ஏன் முதலில் மறுத்தார் என்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பவரின் காரணத்தை மதித்துச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் ஒரு குழுவை நம்பி ஒப்படைப்பார்கள்.